மூன்று நாள் மஞ்சள்

1

இந்தக் கதையை நான் பஸ்ஸில் திருடினேன். யாராவது வந்து கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற பஸ். பக்கத்து சீட்டில் ஒரு பெண். கைப்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பின் வால் தொங்கிக்கொண்டிருந்ததால் டாக்டர் என்று தெரிந்தது. ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டு வந்தார்: "நல்ல மாத்திரைதான். ஆலங்குடியில வேலை செய்யுது, திருமயத்துல வேலை செய்யுது. எங்க ஆஸ்பத்திரியில மட்டும் வேலை செய்ய மாட்டேங்குது. ஏன்னே தெரியல. எழுதறதையே விட்டுட்டேன்."

அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். ஒரே கம்பெனி, ஒரே மாத்திரை, ஒரே வியாதி. பக்கத்து ஊரில் வேலை செய்வது இந்த ஊரில் ஏன் செய்யாது? மாத்திரைக்கு எல்லைக்கல் தெரியுமா என்ன?

மிக்சி நின்றுபோனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு ரகம். ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. அந்த வாக்கியத்தையும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு டாக்டர், ஒரு நோயாளி, ஒரு மருந்தாளர், மூன்று பேர் கிடைத்தார்கள். மூவருமே நான் இட்டுக்கட்டியவர்கள். பஸ்ஸில் வந்தவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கும் பெயர் வைக்கவில்லை. ஆலங்குடிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், முன்னால் பாதி எழும்பி நின்றுபோன காம்பவுண்டுச் சுவர். அது போதும்.

2

தொடக்கங்கள்.

"டாக்டர் நிலோஃபர் பச்சை மைப் பேனாவைத் திறந்தபோது வெளியே மழை—"

மழை வேண்டாம். ஆலங்குடிப் பக்கம் கதையை வைத்துவிட்டு முதல் வரியிலேயே மழை பெய்ய வைத்தால் உள்ளூர்க்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

"கிருமிக்கொல்லி மருந்துகளைப் பொறுப்பில்லாமல் பயன்படுத்தும் போக்கு இன்று உலகெங்கும்—"

இது ஏதோ கருத்தரங்கின் வரவேற்புரை. அடித்தேன்.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம்:

நிலோஃபரின் மேஜையில் மாவட்டத்திலிருந்து வந்த கடிதம் மூன்று நாளாகக் கிடந்தது. சாதாரண நீர்க்கடுப்போடு வரும் பெண்களுக்கு முதல் மருந்து நைட்ரோஃபுரான்டோயின், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள் என்பது வழிகாட்டி. உங்கள் நிலையத்தில் மூன்று மாதத்தில் அறுபது பேர் அப்படி வந்திருக்கிறார்கள். பத்தொன்பது பேருக்கு மட்டும் அந்த மருந்து எழுதப்பட்டிருக்கிறது. மீதி நாற்பத்தொரு பேருக்கு ஏன் வேறு மருந்து? காரணம் எழுதவும். வெள்ளிக்கிழமைக்குள்.

காரணம் எழுத இரண்டு கோடு விட்டிருந்தார்கள்.

வழிகாட்டி தெரியாத டாக்டர் இல்லை நிலோஃபர். அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டியதே அவள்தான். அறந்தாங்கியிலிருந்து தினமும் காலை பஸ் பிடித்து வருகிறவள், வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் எல்லோருக்கும் அட்டவணைப்படிதான் எழுதினாள். எட்டாம் நாள், பத்தாம் நாள் என்று ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள், அதே எரிச்சலோடு. ஒவ்வொருத்தரிடமும் கேட்டாள்: "குடுத்த மாத்திரையெல்லாம் சாப்பிட்டீங்களா?" எல்லோரும் சாப்பிட்டதாகத்தான் சொன்னார்கள். ஒரு டாக்டர் எத்தனை தடவைதான் தோற்ற மருந்தையே எழுதுவார்? கொஞ்சம் கொஞ்சமாகச் சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற இன்னொரு மாத்திரைக்கு மாறினாள். கேட்டால், கண்ணால் கண்டதை நம்பினேன் என்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு கோட்டில் எழுத வாக்கியமும் தயாராக இருந்தது: 'இம்மருந்து இப்பகுதியில் பலன் தருவதில்லை.' எழுதத்தான் கை வரவில்லை. ஏன் பலன் தருவதில்லை என்று யாராவது திருப்பிக் கேட்டால் அவளிடம் பதில் இல்லை.

(அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் நடுவில் போடுகிறேன். இந்த மருந்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பெரும்பாலான மாத்திரைகள் வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் ஏறி, உடம்பெல்லாம் ஊர்வலம் போகும். இது ஊர்வலத்துக்கு நிற்பதில்லை. இரத்தத்துக்கு வந்த வேகத்தில் சிறுநீரகம் அதைப் பிடித்துச் சிறுநீருக்குள் தள்ளிவிடும். போய்ச் சேருகிற இடம் மூத்திரப்பை. கிருமி இருப்பதும் அங்கேதான். அதோடு, கிருமியை ஒரே இடத்தில் அடிக்காமல் பல இடத்தில் சேர்த்து அடிப்பதால், கிருமி இதற்குப் பழகிக்கொள்வதும் கஷ்டம். கிருமி சிறுநீரகம் வரை ஏறிக் காய்ச்சல் வந்துவிட்டால் மட்டும் இது உதவாது, அதற்கு வேறு வைத்தியம். ஒரு சின்னக் கூத்தும் உண்டு: சாப்பிடுகிற வரைக்கும் சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மஞ்சளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால் இந்தக் கதை பன்னிரண்டு நாள் நின்றுபோனது.)

3

புதன்கிழமை பத்தரை மணிக்குச் செவந்தி உள்ளே வந்தாள். நாற்பது வயது. முந்திரி உடைக்கிற தகரச் செட்டில் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்திருக்கும். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"வாங்க செவந்திக்கா. மறுபடியுமா?"

"பின்ன, ஒங்க மொகத்தப் பாத்து நாளாச்சேன்னு வந்தேனாக்கும்."

"எரிச்சலா?"

"மொளகாயக் கரைச்சு ஊத்துனாப்ல இருக்கு டாக்டரம்மா. எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுறேன். சூப்பர்வைசரு கேக்குறாரு, செவந்தி நீ கொட்ட ஒடைக்க வந்தியா, ஓட்டப்பந்தயத்துக்கு வந்தியான்னு."

"காய்ச்சல், குளிரு, முதுகு வலி ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிச்சாப் போகணும்ல? எங்கிட்டுப் போறது? செட்டுக்குப் பின்னாடி இருந்த சோளக்கொல்லையையும் போன மாசம் அறுத்துட்டாக."

நிலோஃபர் சிரிக்கவில்லை. கையில் செவந்தியின் பரிசோதனை முடிவு இருந்தது. போன தடவை எடுத்த சிறுநீரை மாவட்ட லேபுக்கு அனுப்பி, கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்த்திருந்தார்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்காது. அடுத்ததற்கும் அடங்காது. அதற்கடுத்ததற்கும் இல்லை. ஊசி மருந்துகள் இரண்டுக்கு அடங்கும்.

"மாத்திரைக்கெல்லாம் ஒங்க கிருமி பழகிப்போச்சுக்கா. ஊசி போடணும். புதுக்கோட்டையில ஒரு வாரம் தங்க வேண்டியிருக்கும்."

செவந்தி இதுவரை நின்றுகொண்டு பேசியவள், ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாரமா? ஒரு வாரம் போகலைன்னா என் எடத்துல வேற ஆள ஒக்கார வச்சிருவாக. சீசன் முடியுற வரைக்கும் அப்பறம் எனக்கு எடமில்ல. நல்லா ரோசன பண்ணி மாத்திரையாக் குடுங்க டாக்டரம்மா. நாளைக்கு மூணு தடவை வேணாலும் திங்கிறேன்."

முடிவுத்தாளின் கடைசி வரியில் ஒரு மாத்திரையின் பெயரும் இருந்தது. நைட்ரோஃபுரான்டோயின்: அடங்கும். செவந்திக்கு முதல் தடவை எழுதிய மாத்திரை அது. எழுதி, ஒன்பதாம் நாள் எரிச்சலோடு அவளைத் திரும்ப வரவழைத்த மாத்திரை.

லேபுத்தாள் ஒன்று சொல்கிறது, கண்ணால் பார்த்தது வேறொன்று சொல்கிறது. தாளை நம்பி அது தவறிப்போனால், கிருமி மேலே ஏறும், பிறகு ஒரு வாரம் என்பது இரண்டு வாரம் ஆகும். கண்ணை நம்பினால் செவந்திக்கு வேலை போகும்.

நிலோஃபர் பேனாவைத் தூக்கினாள்.

4

தூக்கிய பேனாவோடு அவளை அப்படியே விட்டுவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். பன்னிரண்டு நாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

கதையில் குற்றவாளி வேண்டும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. வரிசையாக ஆட்களை நிறுத்திப் பார்த்தேன்.

செவந்தி பொய் சொல்கிறாள் என்று ஒரு அத்தியாயம் எழுதினேன். [அடித்தது: "செவந்தி மாத்திரைகளைச் சேலை முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு—"] எழுதும்போதே ஒட்டவில்லை. அரை நாள் வேலையை விட்டுவிட்டு, மினி பஸ்ஸுக்குக் காத்திருந்து மாத்திரை வாங்க வருகிறவள் அதைச் சாப்பிடாமல் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? ஒருத்தி வைத்துக்கொள்ளலாம். வந்தவர்கள் எல்லோருமா?

மருந்து கெட்டுப்போய்விட்டது என்று எழுதினேன். ஆனால் ஆலங்குடிக்கும் அதே லாட், அதே தேதி. பஸ்ஸில் கேட்ட வாக்கியமே இந்த வழியை அடைத்துவிட்டது.

மருந்தாளரை வில்லனாக்கினேன். அவருக்கு ஒரு மெல்லிய மீசையும் கொடுத்தேன். [அடித்தது: "ஞானமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அட்டைகளை—"] அடித்ததற்கு வெட்கப்படவில்லை, எழுதியதற்குத்தான் வெட்கப்படுகிறேன். வாசகர்கள் எதிர்பார்க்கிற ஆளைக் கொண்டுவந்து எதிர்பார்க்கிற தப்பைச் செய்யவைப்பது, மிக்சியைத் திறக்காமலே மோட்டார் போச்சு என்று சொல்கிற மெக்கானிக் வேலை.

டாக்டரைச் சோம்பேறியாக்கவும் பார்த்தேன். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவளை எப்படி ஆக்குவது?

இப்படி நாலு பேரும் நல்லவர்கள் என்று ஆகிவிட்டது (மாத்திரையையும் சேர்த்து). எல்லோரும் ஒழுங்காக வேலை செய்யும்போது எது பழுதாகியிருக்கும்? மிக்சி கழற்றுகிற எங்களுக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. எல்லா உறுப்பும் நன்றாக இருந்தால், உறுப்புக்கும் உறுப்புக்கும் நடுவில் இருக்கிற ஒயரைப் பார்க்க வேண்டும்.

நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் இருக்கிற ஒயர், பேச்சு. ஆகவே திரும்பிப் போய் அவர்களைக் கொஞ்சம் பேசவிட்டேன்.

5

நிலோஃபர் தூக்கிய பேனாவைக் கீழே வைத்தாள்.

"மொதத் தடவை குடுத்த மாத்திரைய முழுசா சாப்பிட்டீங்களாக்கா? உண்மையச் சொல்லுங்க, திட்டமாட்டேன்."

"ஒங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? கவரக் கவுத்துத் தட்டிப் பாத்துட்டுத்தான் போட்டேன். ஆனா ஒன்னு, அந்த மஞ்ச மாத்திரைய மட்டும் திரும்பக் குடுத்துராதீக. பயந்தே போயிட்டேன்."

"கலரு அப்படித்தான் போகும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னீக. சொன்னா? கண்ணால பாக்குறப்ப பயமா இருக்குமா இல்லையா? மஞ்சளக் கரைச்சு விட்டாப்ல. எம்மவகிட்டக்கூடச் சொல்லல. நல்லவேளை, வெள்ளிக்கெழம தெளிஞ்சிருச்சு."

நிலோஃபர் செவந்தியின் பழைய சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எந்த வெள்ளிக்கெழம?"

"அந்த வாரந்தான். திங்கக்கெழம ஒங்ககிட்ட வந்தேன். வெள்ளிக்கெழம வீடெல்லாம் கழுவி விட்டுட்டுக் குளிக்கப் போறப்பப் பாத்தேன், சுத்தமா தெளிஞ்சிருந்துச்சு. ஆத்தாடி தப்பிச்சோம்னு இருந்துச்சு."

"நல்லா ஞாபகம் இருக்கா? சனிக்கெழம இல்லையே?"

"சனிக்கெழம எவ வீடு கழுவுவா?"

நிலோஃபர் மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ணினாள். திங்கள் இரவு ஒன்று. செவ்வாய் இரண்டு. புதன் இரண்டு. வெள்ளிக்கிழமை காலை தெளிந்திருக்க வேண்டுமென்றால் வியாழன் காலையோடு முடிந்திருக்க வேண்டும். ஆக ஆறு. சீட்டில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பச்சை மையில், காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள். ஆக பத்து. அப்படியென்றால் சனிக்கிழமை காலை வரை மஞ்சள் போயிருக்க வேண்டும்.

செவந்தி எல்லா மாத்திரையையும் சாப்பிட்டிருக்கிறாள். ஆறு சாப்பிட்டிருக்கிறாள். இரண்டும் உண்மை.

"குடுத்த மாத்திரையெல்லாம்" என்றுதான் இரண்டு வருஷமாக எல்லோரிடமும் கேட்டிருந்தாள் நிலோஃபர். கொடுத்தது எத்தனை என்று யாரிடமும் கேட்டதில்லை. தான் எழுதியதுதான் கொடுக்கப்பட்டிருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கை இருந்தது. உங்களுக்கு?

"எந்திரிங்கக்கா. மருந்து குடுக்கிற எடத்துக்குப் போயிட்டு வருவோம்."

"என்ன டாக்டரம்மா, நீங்களுமா வரிசையில நிக்கப் போறீக?"

6

நின்றாள். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்பக்கமாக நிலோஃபர் நூறு தடவை போயிருப்பாள். வெளிப்பக்கம் வந்து நின்றது அன்றுதான் முதல் தடவை.

ஞானமணிக்கு ஐம்பத்து நான்கு வயது. (மீசையை எடுத்துவிட்டேன்.) கம்பிக்கு அந்தப் பக்கம் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மேடம், உள்ள வாங்க. அங்கிட்டு ஏன் நிக்கிறீங்க?"

"இங்கிட்டு இருந்துதான் சார் பாக்கணும். என்னை ஒரு பேஷண்ட்டா நெனச்சுக்கங்க." அங்கேயே ஒரு சீட்டு எழுதி நீட்டினாள். அதே மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள்.

ஞானமணி சீட்டைப் பார்த்தார். ஒரு அட்டையை எடுத்தார். கத்தரிக்கோலை எடுத்தார். ஆறு மாத்திரையை ஒரே வெட்டில் நறுக்கிக் கவரில் போட்டு, கவரின் மேல் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு போட்டு, கம்பி வழியாக நீட்டிக்கொண்டே சொன்னார்: "மூணு நாளைக்கு இருக்கு. தீந்ததும் சீட்டோட வந்து மிச்சத்த வாங்கிக்கங்க."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எப்பருந்து சார் இப்படி?"

"நான் வந்ததுல இருந்தே மேடம். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான். சுகர், பிரஷருக்கு ஒரு மாசம். மத்ததுக்கெல்லாம் மூணு மூணு நாளா."

"நான் அஞ்சுன்னு எழுதியிருக்கேனே."

"அஞ்சுதான் குடுக்கிறேன், ரெண்டு தவணையா. காய்ச்சலுக்கு அஞ்சு நாள் மாத்திரைய மொத்தமாக் குடுத்தா, ரெண்டு நாள் சாப்பிட்டுட்டு மிச்சத்தப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துர்றாங்க மேடம். மூணு நாளுன்னா, சரியாகலைன்னா இங்க வந்துதான ஆகணும்? நீங்களும் ஒரு தடவை பாத்துக்கலாம்ல?"

நல்ல காரணம். நிலோஃபர் கவரிலிருந்த ஆறையும் எண்ணினாள். "அப்ப மிச்சம் நாலு?"

ஞானமணி கீழ் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். உள்ளே நாலு நாலு மாத்திரையாக அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். சீட்டில் பெயர், ஊர், தேதி. முனியாயி. அமிர்தவல்லி. நசீரா. இந்த மாத்திரையில், இந்த மூன்று மாதத்துத் தேதி போட்டவற்றை எண்ணிப் பார்த்தார்கள். பதினாறு.

"வாங்க வருவாங்கன்னு எடுத்து வச்சேன் மேடம். இந்த மூணு மாசத்துல மூணு பேருதான் வந்தாங்க. மத்தவங்க வரல. எரிச்சல் நின்னுபோச்சு போல, அதான் வரலன்னு நானும் சந்தோஷப்பட்டுக்கிட்டேன்."

(ஒரு நண்பர் இந்த இடத்தில் கேட்டார்: மீந்ததை அவர் ஏன் திரும்ப ஸ்டாக்கில் சேர்க்கவில்லை? ஒருத்தர் பெயரை எழுதிவிட்ட பொருளை எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நான் ஏற்கெனவே ஒரு தடவை அவரைத் தப்பாக எழுதியவன், இதை நம்புகிறேன்.)

செவந்தி நிலோஃபரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல செவந்தின்னு இருக்கா பாருங்க."

இருந்தது.

"அட, இது என்னோடதா? நான் அங்க எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கேன், இது பாட்டுக்கு நெழல்ல டின்னுக்குள்ள தூங்கிக்கிட்டிருக்கு."

"வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேன்மா. சொல்லித்தான அனுப்புனேன்."

"சொன்னீக. மூணாம் நாளே எரிச்சல் நின்னுபோச்சு. நின்னப்பறம் எவ வருவா? பஸ்ஸுக்கு நின்னு, சீட்டுக்கு நின்னு, இங்க வந்து நின்னு, அரை நாள் வேல போயிரும். சொகமா இருக்கிறப்ப நீங்க வருவீகளா?"

ஞானமணி யோசித்தார். அவர் எதையும் யோசிக்காமல் சொல்கிறவர் இல்லை.

"வரமாட்டேன்" என்றார்.

7

இங்கே கொஞ்சம் நின்று இந்த இயந்திரத்தைப் பார்த்து ரசிக்க வேண்டும். எனக்காக ஒரு நிமிஷம்.

மூன்றாம் நாள் எரிச்சல் நிற்கிறது, ஏனென்றால் மருந்து வேலை செய்கிறது. எரிச்சல் நின்றதால் அவர்கள் மிச்சத்தை வாங்க வருவதில்லை. வாங்காததால் சாகாமல் மீந்த கிருமி மறுபடி பெருகுகிறது, ஒன்பதாம் நாள் எரிகிறது. இப்போது வருகிறார்கள், ஆனால் மருந்து ஜன்னலுக்கு வரவில்லை, டாக்டரிடம் வருகிறார்கள். வராததைப் பார்த்து மருந்தாளர் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார். வந்ததைப் பார்த்து டாக்டர் மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் முப்பது அடி வராந்தா. ஆலங்குடியிலும் திருமயத்திலும் அட்டையை வெட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

காய்ச்சலுக்கு மூன்று நாள் விதி சரிதான். குணமாகாதவர் வருவார், குணமானவருக்கு மிச்சம் தேவையில்லை. நீர்க்கடுப்புக்கு அதே விதி தலைகீழாகிவிடுகிறது. இங்கே குணமானது போலத் தோன்றுகிறவருக்குத்தான் மிச்சம் தேவை.

இன்னொன்று. மாவட்டக் கடிதம் பத்தொன்பது பேருக்கு வழிகாட்டிப்படி மருந்து என்று எண்ணியிருந்ததல்லவா? அது சீட்டை எண்ணியது. வயிற்றை எண்ணினால் மூன்று பேர்தான். டின்னில் பெயர் இல்லாத அந்த மூன்று பேரையும் நிலோஃபர் தன் நோட்டில் தேடினாள். ஒருவர்கூட எரிச்சலோடு திரும்பி வந்திருக்கவில்லை. டின்னில் பெயர் இருந்த பதினாறில் பதினொருவர் வந்திருந்தார்கள்.

நிலோஃபர் நோட்டை மூடினாள். நல்ல மருந்தின் மேல் இரண்டு வருஷம் பழி போட்டதை நினைத்தாளா, அதனால் சிப்ரோ எழுதிக் கொடுத்த நாற்பத்தொரு பேரை நினைத்தாளா என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் நினைத்தது அவளோடு இருக்கட்டும். அவள் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

"சார், இந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் பத்தையும் மொதல் நாளே குடுத்துறலாமா?"

"மூணு நாளுங்கிறது வழக்கமாச்சே மேடம்."

"சுகருக்கு ஒரு மாசம் குடுக்கிறீங்கல்ல?"

"அது தனி."

"இதுவும் தனின்னு வச்சுக்கங்க."

ஞானமணி கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெட்டப்பட்ட ஆறையும் மீந்த நாலையும் மேஜையில் ஒட்டவைத்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும், ஸ்க்ரூ எங்கே போகிறது என்று தெரிந்ததும் வருவது.

"மேடம், ஒரு அட்டையே பத்துதான்."

"ஆமா?"

"அஞ்சு நாளைக்கும் பத்துதான். கம்பெனிக்காரன் சரியாத்தான் அடிச்சு அனுப்பியிருக்கான். நான்தான் இத்தன வருஷம் மெனக்கெட்டு வெட்டியிருக்கேன்."

8

செவந்திக்கு முழு அட்டையாகக் கொடுத்தார்கள். தப்புச் செய்தவர் போல ஞானமணி அதை இரண்டு கையாலும் நீட்டினார். பழைய நாலையும் கேட்டுப் பார்த்தாள் செவந்தி, அது தன் பெயரில் இருப்பதால். தரவில்லை.

"எரிச்சல் நின்னாலும் நிறுத்தக் கூடாது. சனிக்கெழம, ஞாயித்துக்கெழம எல்லாம் மஞ்சளாத்தான் போகணும். பயப்படக் கூடாது. காய்ச்சலோ முதுகு வலியோ வந்தா மட்டும் ஒடனே வந்துரணும், தள்ளிப்போடக் கூடாது" என்றாள் நிலோஃபர். தன் நம்பரைக் கவரின் மேல் எழுதினாள். "அடுத்த வெள்ளிக்கெழம எனக்கு ஃபோன் பண்ணுங்க, எப்படி இருக்குன்னு."

"எரிஞ்சாப் பண்றேன் டாக்டரம்மா. எரியலைன்னா எதுக்குப் பண்ணப் போறேன்?"

சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணி மினி பஸ்ஸுக்கு ஓடினாள்.

9

முடிவு என்று மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், அடுத்த வெள்ளிக்கிழமை ஃபோன் அடிக்கிறது. நிலோஃபர் திரையைப் பார்த்துக்கொண்டு எடுக்காமல் இருக்கிறாள்.

இரண்டாவதில் செவந்தி, முந்திரிப் பருப்பு ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு நேரில் வந்து நன்றி சொல்கிறாள். இதைப் படித்துக் காட்டியிருந்தால் செவந்தியே சிரித்திருப்பாள்: சொகமா இருக்கிறப்ப எவ வருவா?

மூன்றாவதில் ஃபோன் அடிக்கவே இல்லை. வெள்ளி போகிறது, அடுத்த வெள்ளியும் போகிறது. முந்திரி செட்டில் அவளுடைய இடத்தில் ஒரு பெண் குனிந்து கொட்டை உடைத்துக்கொண்டிருக்கிறாள். தூரத்திலிருந்து பார்க்கிற எனக்கு அவள் முகம் தெரியவில்லை.

இந்தக் கதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. குணமானவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதில்லை, அதனால் குணமானதைக் காட்சியாக எழுத முடிவதில்லை. ஃபோன் அடிக்காமல் இருப்பதுதான் அந்தக் காட்சி. ஆனால் ஃபோன் அடிக்காததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்றும் பிஸ்கட் டின் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆகவே இதை நான் முடிக்கப் போவதில்லை. ஃபோனை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். அடிக்கிறதா என்று பாருங்கள். அடிக்காவிட்டால், செவந்தியின் நம்பர் நிலோஃபரின் நோட்டில் இருக்கிறது, ஒரு தடவை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். நிலோஃபர் கேட்டிருப்பாள். "எத்தனை மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று எண்ணிக்கையோடு கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான். கொடுத்த கெடு வெள்ளிக்கிழமை, அதற்கு முந்தின நாளே, மாவட்டக் கடிதத்தின் இரண்டு கோட்டில் நிலோஃபர் பச்சை மையில் பதில் எழுதினாள். பொடி எழுத்தில் எழுதியதால் இடம் போதுமானதாக இருந்தது:

'மருந்து வேலை செய்கிறது. பத்து மாத்திரை எழுதி, ஆறு கொடுத்து, நான்கை வைத்திருந்தோம். இன்று முதல் முழு அட்டையும் முதல் நாளே கொடுக்கிறோம். அட்டையை வெட்டுவதில்லை.'